பிளஸ் ஒன் குரூப் தேர்வு ஆலோசனை: 3,500 ரூபாய்க்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

திருச்சியில் உள்ள ஒரு கல்வி ஆலோசனை மையத்தில் ‘பிளஸ் ஒன் குரூப் தேர்வு’ என்ற சேவையை மகளுக்காக வாங்கினேன். கணினியில் எழுதும் தேர்வு, அச்சிட்ட அறிக்கை, ஆலோசகருடன் ஒரு மணி நேரப் பேச்சு, மூன்றும் சேர்த்து 3,500 ரூபாய். மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே போன்ற தேர்வையும் அறிக்கையையும் வெவ்வேறு பெயர்ப் பலகைகளின் கீழ் பல ஊர்களில் விற்கிறார்கள். அதனால் உள்ளே என்ன கிடைக்கிறது என்பதுதான் பெற்றோருக்குத் தேவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆலோசகருடன் பேசிய அந்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்த காசு தகும். தேர்வுக்கும் அறிக்கைக்கும் தகாது.

நாங்கள் கரூர். வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் நெடுங்காலமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மகள் தமிழ் வழியில் படித்தவள். பத்தாம் வகுப்பில் 500க்கு 461. கணிதத்தில் 95, அறிவியலில் 90. இந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு காமர்ஸ் எடுக்கப்போகிறேன் என்று அவள் சொன்னதும் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. “கணக்கில் 95 வாங்கிய பிள்ளையைக் கொண்டுபோய் காமர்ஸில் தள்ளுவீர்களா?” என்று அவளுடைய பெரியப்பா கேட்டார். பள்ளியிலும் அதையே கேட்டார்கள். தமிழ்நாட்டில் குரூப் என்பது மதிப்பெண் வரிசைப்படி பிள்ளைகளை நிறுத்தும் படிக்கட்டாகவே நடந்துவருகிறது. மேல்படியில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப், அதற்கடுத்து கணினி அறிவியல், பிறகு தாவரவியலும் விலங்கியலும் உள்ள தூய அறிவியல், அதன் பிறகு காமர்ஸ், கடைசியில் வரலாறும் தொழிற்கல்வியும். பாடத்தைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்ப்பது போய், மதிப்பெண்ணைப் பார்த்துப் பாடத்தை ஒதுக்குகிறார்கள். இந்த வழக்கத்தின்மேல் எனக்குக் கடுமையான கோபம் உண்டு. ஆனாலும் வீட்டில் என் கோபத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, வெளியாள் ஒருவர் மகளிடம் பேசட்டும் என்றுதான் திருச்சிக்குப் போனோம்.

முதலில் தேர்வு. ஆங்கிலம், தமிழ் இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். மகள் தமிழைத் தேர்ந்தெடுத்தாள். அந்தத் தமிழ் படிக்கக்கூடியதாக இல்லை. ‘நான் ஒரு குழுவை வழிநடத்துவதை அனுபவிக்கிறேன்’ என்று ஒரு வாக்கியம். ‘பனிச்சறுக்குப் பயிற்சியாளராகப் பணிபுரிதல்: பிடிக்கும், பிடிக்காது, உறுதியில்லை’ என்று இன்னொன்று. கரூர்ப் பெண் இதற்கு என்ன பதில் சொல்வாள்? மேற்பார்வைக்கு நின்ற பெண்ணிடம் கேட்டபோது, “தோன்றுவதை அழுத்தும்மா” என்றாராம். எண் தொடர், மடித்த அட்டையைப் பிரித்தால் எந்த வடிவம் வரும், சொற்களின் உறவு என்று திறனைச் சோதிக்கும் பகுதி மட்டும் ஒழுங்காக இருந்தது. அதில் மொழி குறைவு என்பதால் கெடவில்லை.

விருப்பத்தைச் சோதிக்கும் பகுதி எங்கிருந்து வந்தது என்று வீட்டில் தேடிப் படித்தேன். ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் வெளியிட்ட கோட்பாடு அது. மனிதர்களின் தொழில் நாட்டத்தை அவர் ஆறு வகையாகப் பிரித்தார்: கைவேலை, ஆய்வு, கலை, பிறருக்கு உதவுதல், முனைந்து நடத்துதல், ஒழுங்குமுறைப்படி செய்தல். உலகெங்கும் பயன்படும் முறைதான், அதைக் குறை சொல்லவில்லை. மகளுக்கு ‘ஒழுங்குமுறை’ முதலிலும் ‘ஆய்வு’ இரண்டாவதாகவும் வந்தன. அவளை வளர்த்தவளுக்கு இது புதிய செய்தி இல்லை. ஆனால் ஒழுங்குமுறை நாட்டம் உள்ளவள் கணக்காளராகலாம், மருந்தாளுநராகலாம், ஆய்வகப் பரிசோதகராகலாம், ஆவணக் காப்பாளராகலாம். ஒன்றுக்குக் காமர்ஸ் பொருந்தும், இரண்டுக்கு அறிவியல் பக்கம் போக வேண்டும், நான்காவதற்கு வரலாறுகூடப் பொருந்தும். குணத்தைச் சொன்ன தேர்வு குரூப்பைச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

இதைவிட அடிப்படையான கோளாறு ஒன்று இருக்கிறது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை ஐந்தே பாடங்கள். வணிகவியல், கணக்குப்பதிவியல் என்ற பாடங்களைப் பிள்ளைகள் பதினோராம் வகுப்பில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். பொருளியலாவது சமூக அறிவியல் புத்தகத்துக்குள் ஒரு பகுதியாக வருகிறது, வரி, ஜி.எஸ்.டி. என்று கொஞ்சம் கேட்டிருப்பார்கள். கணக்குப்பதிவியலின் ஒரு பக்கத்தைக்கூடப் பார்த்திராத பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ‘வரவுசெலவுக் கணக்குகளைத் தயாரிப்பது பிடிக்குமா?’ என்று கேட்டு, அவள் அழுத்திய பொத்தானை வைத்து எட்டு நட்சத்திரம், ஒன்பது நட்சத்திரம் என்று போடுகிறார்கள். அந்தக் கணினிக் கூடத்திலேயே கணக்குப்பதிவியலில் இரண்டு பக்கம், இயற்பியலில் இரண்டு பக்கம், பொருளியலில் இரண்டு பக்கம் கொடுத்து, படித்து நான்கு கணக்குப் போடச் சொல்லியிருந்தால் அந்தத் தேர்வுக்கு நானே ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்திருப்பேன்.

அறிக்கை 28 பக்கம். வழவழப்பான தாள், வண்ண வட்டங்கள், பட்டை வரைபடங்கள். முழுவதும் ஆங்கிலம். தமிழில் தேர்வெழுதிய பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அறிக்கை கொடுப்பது என்ன நியாயம்? தமிழ்ப் பதிப்பை மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னார்கள், இன்றுவரை வரவில்லை. உள்ளே அவளுக்குப் பொருந்தும் தொழில்கள் என்று இருபதின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆண்டுச் சம்பளம் இத்தனை லட்சம் என்ற எண். எந்த ஊரில், எத்தனை ஆண்டு அனுபவத்துக்கு, எங்கிருந்து எடுத்த எண் என்று ஒரு வரி இல்லை. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பி.காம். பட்டதாரிக்கு என்ன சம்பளம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை நம்பி எந்தப் பெற்றோரும் முடிவெடுக்கக் கூடாது.

இனி அந்த ஒரு மணி நேரம். ஆலோசகர் முப்பதுகளில் இருந்த பெண். முன்பு பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர். எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு முதலில் மகளிடம் தனியாகப் பேசினார். பிறகுதான் எங்களை அழைத்தார். இந்த வரிசையே அவருடைய தகுதியைக் காட்டியது. பெற்றோர் எதிரில் இருந்தால் பிள்ளை பெற்றோரின் பதிலைத்தான் சொல்லும். அறிக்கையை அவர் அதிகம் புரட்டவில்லை. மகளிடம், “கணிதப் பரீட்சைக்கு எப்படிப் படித்தாய், அறிவியலுக்கு எப்படிப் படித்தாய், இரண்டையும் எனக்கு விவரமாகச் சொல்” என்று கேட்டிருக்கிறார். தவறிய கணக்குகளைத் தேடித் தேடித் திரும்பப் போட்டதாகவும், அறிவியலில் கேள்வி பதில்களை எழுதி எழுதி மனப்பாடம் செய்ததாகவும் மகள் சொல்லியிருக்கிறாள். 90ஐயும் 95ஐயும் பார்த்து நாங்கள் எல்லோரும் இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தோம். அவர் அந்த மதிப்பெண்கள் வந்த விதத்தைப் பார்த்தார்.

பிறகு மேசைமேல் ஒரு பெரிய தாளை விரித்தார். அவரே கையால் வரைந்தது. இடப்பக்கம் குரூப்புகள், வலப்பக்கம் படிப்புகள், நடுவில் கோடுகள். எந்த குரூப் எடுத்தால் எந்த வழி திறந்திருக்கும், எது அடைபடும் என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. நான் குறித்துக்கொண்டு வந்ததை இங்கே தருகிறேன், யாருக்காவது உதவும்.

பொறியியலுக்கு கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கணக்கிடுவார்கள். உயிரியல் மதிப்பெண்ணுக்கோ கணினி அறிவியல் மதிப்பெண்ணுக்கோ அதில் இடமில்லை. ஆகவே கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க கணினி அறிவியல் குரூப்தான் எடுக்க வேண்டும் என்பது தேவையில்லாத பயம். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், செவிலியர் பட்டப்படிப்பு இவற்றுக்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியல் வேண்டும். அல்லது தாவரவியலும் விலங்கியலும். பி.ஃபார்ம். சேர உயிரியலுக்குப் பதில் கணிதம் இருந்தாலும் போதும். கட்டடக்கலைக்குக் கணிதமும் இயற்பியலும். தேசியப் பாதுகாப்பு அகாடமியில் தரைப்படைக்கு எந்த குரூப்பும் சரி; விமானப் படைக்கும் கடற்படைக்கும் கணிதம், இயற்பியல், வேதியியல் கேட்பார்கள். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் தடையில்லை. பட்டயக் கணக்காளர் படிப்பான சி.ஏ.வுக்கும் அப்படியே. சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பின் தகுதிகாண் தேர்வை, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து பிளஸ் டூ முடித்த எவரும் எழுதலாம். அரசுப் பணிகளில் பட்டம் கேட்கும் தேர்வுகள் பெரும்பாலானவற்றுக்கு எந்தப் பட்டமும் போதும், பிளஸ் டூ குரூப்பை யாரும் கேட்பதில்லை.

பெரியப்பா கேட்கச் சொன்ன கேள்வியை நான் அப்படியே கேட்டேன். “முதல் குரூப் எடுத்தால் பின்னால் பி.காம்., சி.ஏ., சட்டம் எதற்கு வேண்டுமானாலும் போகலாமே. காமர்ஸ் எடுத்தால் பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ திரும்ப முடியாதே?” இந்த வாதம் பொய்யில்லை, அதனால்தான் அது எல்லா வீடுகளிலும் ஜெயிக்கிறது. ஆலோசகர் மறுக்கவில்லை. “திறந்திருக்கும் வழிக்கும் விலை உண்டு, அம்மா. உங்கள் மகள் இரண்டு ஆண்டுகள் இயற்பியலும் வேதியியலும் மனப்பாடம் செய்துதான் கடக்க வேண்டியிருக்கும். அங்கே மதிப்பெண் குறைந்தால் நல்ல கல்லூரியில் பி.காம். இடமும் கையை விட்டுப் போகும். எந்த வழியில் போகும் எண்ணமே இல்லையோ அதைத் திறந்து வைப்பதற்காகப் போக விரும்பும் வழியில் பின்தங்கிவிடுவாள்” என்றார். கூடவே நியாயமான ஒரு வார்த்தையும் சொன்னார்: எதில் போவது என்று உண்மையிலேயே முடிவெடுக்க முடியாத, ஆனால் இயற்பியலில் சிரமப்படாத பிள்ளைக்கு முதல் குரூப் நல்ல தேர்வுதான். எல்லோருக்கும் ஒரே பதிலை அவர் வைத்திருக்கவில்லை.

அந்தத் தாளிலும் குறைகள் இருந்தன. கணினி அறிவியல் எடுத்தால் மருத்துவம் அடியோடு அடைபடும் என்று வரைந்திருந்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் விதியைத் தளர்த்தி, பிளஸ் டூவுக்குப் பிறகு அங்கீகரிக்கப்பட்ட வாரியம் ஒன்றில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களையும் நீட் எழுத அனுமதித்துவிட்டது. எளிய வழி இல்லை என்றாலும் இருக்கிற வழி. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கும் அந்தத் தாளில் இடமில்லை. அங்கே 2020-21 முதல் ‘பயன்பாட்டுக் கணிதம்’ என்று தனிப் பாடம் இருக்கிறது, வணிகம் படிப்போருக்கு அது பெரிய வசதி. என்னை அதிகம் வருத்தியது, தொழிற்கல்விப் பிரிவுகள் ஒன்றுகூடத் தாளில் இல்லாததுதான். அடிப்படை இயந்திரவியல், மின்னியல், வேளாண் அறிவியல், செவிலியம், துணித் தொழில்நுட்பமும் ஆடை வடிவமைப்பும் என்று நம் மேல்நிலைப் பள்ளிகளில் நல்ல பிரிவுகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு முடித்ததும் நேராகச் சேரும் மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ இருக்கிறது. அதை முடித்தவர்கள் பொறியியலில் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பஸ் கூண்டு கட்டும் தொழிலும் நெசவும் சோறு போடும் கரூரிலிருந்து போகும் பிள்ளைக்கு இந்த வழிகளைக் காட்டாதது சிறிய குறை அல்ல. 3,500 ரூபாய் கொடுக்கக்கூடியவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவை வேண்டாம் என்று மையம் தானே முடிவு செய்துகொண்டதுபோல் இருந்தது.

ஆலோசகர் எழுந்து போன பிறகு இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். கையில் கட்டண அட்டை. நீட், ஜே.இ.இ. ஒருங்கிணைந்த இரண்டாண்டுப் பயிற்சி. காமர்ஸ் என்றால் சி.ஏ. படிப்பின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனுக்குப் பயிற்சி, இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி. ஆலோசனை சொல்லும் இடமே பயிற்சியும் விற்றால், அந்த ஆலோசனையை எப்படி நம்புவது? நல்ல வேளையாக அந்த ஆலோசகர் எங்களிடம் எந்தப் பயிற்சியைப் பற்றியும் பேசவில்லை, அவர்மேல் எனக்கு முழு மரியாதை உண்டு. ஆனால் மையம் அவரை முன்னால் உட்காரவைத்து நம்பிக்கையைச் சம்பாதித்துப் பின்னால் விற்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அதன் பிறகு வாரக்கணக்கில் குறுஞ்செய்திகள் வந்துகொண்டே இருந்தன. படிவத்தில் தொலைபேசி எண் எழுதும் இடத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் சம்மதக் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் குறியிடாமல் விடுங்கள்.

மையம் கேட்கவே கேட்காத கேள்வி ஒன்று: “எந்தப் பள்ளியில் சேரப் போகிறாய்?” குரூப் என்பது அறிக்கைத் தாளில் இருப்பதில்லை, பள்ளியில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் காமர்ஸ் உண்டு. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், நான்காவதாகக் கணினிப் பயன்பாடுகள். வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள பிரிவு அங்கே இல்லை. அதற்கு வேறு பள்ளி, இரண்டு பஸ் மாற வேண்டும். எங்களுக்கு உண்மையான முடிவு காமர்ஸா அறிவியலா என்பதோடு முடியவில்லை. அந்த நான்காவது பாடம் எது என்பதிலும் இருந்தது. காமர்ஸ் எடுக்கும் வீடுகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ‘காமர்ஸ்தானே’ என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

நான்காவது பாடத்தைப் பற்றி என் கருத்தை அழுத்தமாகவே எழுதுகிறேன். கணிதத்தில் தடுமாறாத பிள்ளை காமர்ஸ் எடுத்தால் வணிகக் கணிதத்தைக் கைவிடக் கூடாது. சி.ஏ. ஃபவுண்டேஷனில் நான்கு தாள்கள்: கணக்கியல், வணிகச் சட்டம், அளவியல் திறன், வணிகப் பொருளியல். மூன்றாவது தாளில் வணிகக் கணிதமும் தர்க்கமும் புள்ளியியலும்தான் வருகின்றன. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40, மொத்தத்தில் பாதி எடுத்தால்தான் தேர்ச்சி. பிளஸ் டூவில் கணிதத்தை விட்ட பிள்ளைகளுக்கு இந்தத் தாள் பெரிய மலையாகத் தெரிகிறது என்று எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துப் பயிற்சி மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆனர்ஸ் போன்ற படிப்புகளுக்குக் கணிதம் கட்டாயம். பதினோராம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடம் அணிகளும் அணிக்கோவைகளும். அதிலேயே ஒரு தொழிலின் உற்பத்தி இன்னொரு தொழிலுக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று கணக்கிடும் உள்ளீடு-வெளியீட்டுப் பகுப்பாய்வு வந்துவிடுகிறது. நூலும் சாயமும் தறியும் ஒன்றையொன்று நம்பி ஓடும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு எது? கணினிப் பயன்பாடுகள் பயனற்ற பாடம் என்று சொல்லவில்லை. ஆனால் அலுவலகத்தில் கணினியைப் பிறகும் கற்றுக்கொள்ளலாம். எங்களிடம் சேர்ந்தவர்கள் எல்லோரும் டேலி என்ற கணக்கு மென்பொருளையும் ஜி.எஸ்.டி. தாக்கலையும் வேலையில்தான் கற்றார்கள். புள்ளியியலை அப்படிப் போகிற போக்கில் யாரும் கற்றுக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

பள்ளியில் கேட்க வேண்டியது வேறொன்றும் உண்டு. பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் ஓட்டிக்கொண்டிருந்ததைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு நிறுத்தப்பட்டது. பிள்ளைகளின் மேல் இருந்த பாரம் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கணக்குப்பதிவியலில் பதினோராம் வகுப்புதான் அஸ்திவாரம்: முதற்குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, ரொக்க ஏடு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், தேய்மானம், இறுதிக் கணக்குகள். இவை வராதவர்களுக்கு அடுத்த ஆண்டு கூட்டாண்மைக் கணக்கும் நிறுமக் கணக்கும் வரவே வராது. “பதினோராம் வகுப்புப் பாடத்தை முழுதாக நடத்துவீர்களா, கணக்குப்பதிவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா?” என்று சேர்க்கும்போதே தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இரண்டு பள்ளிகளிலும் நான் கேட்டேன். ஒரு பள்ளியில் தெளிவான பதில் வந்தது.

மையத்தில் கிடைத்த எல்லாவற்றிலும் எங்களுக்கு அதிகம் பயன்பட்டது, கிளம்பும்போது ஆலோசகர் மகளிடம் சொன்ன ஒரு வேலை. “வீட்டுக்குப் போய் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலையும் இயற்பியலையும் இறக்கிக்கொள். இரண்டிலும் முதல் சில பாடங்களை நீயாகப் படி, ஒருவரும் சொல்லித்தரக் கூடாது.” அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இயற்பியலில் அளவீட்டியல் பாடத்தைப் படித்தாள், அடுத்த பாடத்தில் வெக்டர் கணக்குகளையும் போட்டாள். பெரும்பாலும் சரியாகவே வந்தது. போட்டு முடித்ததும் மூடி வைத்துவிட்டாள். கணக்குப்பதிவியலில் முதல் நாளே சண்டை: ரொக்கம் கைக்கு வந்தால் அதை ஏன் பற்றில், அதாவது டெபிட் பக்கத்தில், எழுத வேண்டும்? எனக்கு விடை தெரியும், சொல்லவில்லை. மூன்று வகைக் கணக்குகளின் விதிகளைத் திரும்பத் திரும்பப் படித்துத் தானாகவே புரிந்துகொண்டாள். பிறகு ஒரு சிறு கடையின் கணக்கை, பற்றும் வரவும் சமமாகிறதா என்று பார்க்கும் இருப்பாய்வு வரை கொண்டுபோனபோது இரு பக்கமும் 400 ரூபாய் இடித்தது. சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. விற்பனைத் திருப்பத்தை, அதாவது விற்ற சரக்கு திரும்பி வந்த கணக்கை, தவறான பக்கத்தில் எடுத்தெழுதியதைக் கண்டுபிடித்த பிறகுதான் எழுந்தாள். பெரியப்பா அன்று வீட்டில் இருந்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவர் 95ஐப் பற்றிப் பேசவில்லை.

இலவசமாகக் கிடைப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணில் மேற்படிப்பு பற்றிக் கேட்கலாம். 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் இணையதளத்தில் படிப்புகள், கல்லூரிகள், உதவித்தொகைகள் பற்றிய விவரங்கள் தமிழிலேயே இருக்கின்றன. எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் சந்தேகம் என்றால், இவற்றை முதலில் பாருங்கள். திருச்சிக்கும் போக வேண்டாம், காசும் கட்ட வேண்டாம். வீட்டில் இரண்டு கட்சி பிரிந்து பிள்ளை நடுவில் வாய் திறக்காமல் நிற்கிறது என்றால், அப்போது நல்ல ஆலோசகர் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த நிலைமையில் இந்தச் சேவையை நான் பரிந்துரைக்கிறேன்.

போகிறவர்களுக்கு: தேர்வும் அறிக்கையும் இல்லாமல் ஆலோசனை மட்டும் 1,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். விலைப் பட்டியலில் அது இல்லை, வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்கிறார்கள். பதிவு செய்யும்போதே அதைக் கேளுங்கள், தமிழில் பேசும் ஆலோசகர் வேண்டும் என்றும் சொல்லுங்கள். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, ஏப்ரல் கடைசியிலேயே போய்விடுவது நல்லது. முடிவு வந்த மறுநாளே பள்ளிகளில் சேர்க்கை தொடங்கிவிடுகிறது, பிறகு யோசிக்க நேரம் இருக்காது. நீங்கள் சேர்க்க நினைக்கும் பள்ளிகளில் என்னென்ன குரூப்புகள், நான்காவது பாடம் எது, எந்த மொழி வழி என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். குரூப்பை மாற்ற வேண்டியிருந்தால் வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் மட்டுமே பள்ளிகள் பொதுவாக ஒப்புக்கொள்கின்றன என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மகள் இப்போது வணிகக் கணிதம் உள்ள அந்தத் தொலைவுப் பள்ளியில்தான் படிக்கிறாள், காலை ஏழே காலுக்கு பஸ்.